வாடகை வீட்டின் குளிரும் சட்டத்தின் அளவுகோலும்

வாடகைக்கு விடப்பட்ட வீட்டில், சுவரையும் கூரையையும் மாற்றும் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவற்றின் குறையால் மிகும் எரிபொருள் செலவோ குடியிருப்பவரின் தலையில் விழுகிறது. வீட்டுக்காரர் தம் பணத்தைப் போட்டுக் கூரையடியில் வெப்பக்காப்பு விரித்தால் குறைவது குடியிருப்பவரின் கட்டணம். குடியிருப்பவர் தம் கைக்காசில் அதைச் செய்தால், ஒப்பந்தம் முடிந்து வீட்டைக் காலி செய்யும் நாளில் அதனை விட்டுவிட்டே போக வேண்டும். ஆகவே இருவரில் எவரும் கைவைக்காத அந்தக் கூரை, இருவரும் பகுத்தறிவோடு நடந்துகொண்டதனாலேயே பழையபடி கிடக்கிறது. பொருளியலார் இதனைப் ‘பிளவுபட்ட ஊக்கம்’ என்பர். செலவு செய்பவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர் என்று பிரிந்துவிடும்போது இருவருக்கும் ஆதாயம் தரக்கூடிய முதலீடும் நடைபெறாமல் போவதே அதன் பொருள். அமெரிக்கப் பொருளியலாளர்களான ஆடம் ஜாஃபே, ராபர்ட் ஸ்டேவின்ஸ் ஆகியோர் 1994-இல் ஆற்றல் திறன் இடைவெளி குறித்து எழுதிய கட்டுரையில், இலாபம் தரும் சீரமைப்புகளும் ஏன் நடப்பதில்லை என்பதற்கு அவர்கள் ஆராய்ந்த காரணங்களுள் இதுவும் ஒன்று.

சந்தை முழுமையாக இயங்குமானால் இச்சிக்கல் தானே தீரும் என்று வாதிடலாம்: வெதுவெதுப்பான வீட்டுக்குக் கூடுதல் வாடகையும் குளிர்ந்த வீட்டுக்குக் குறைந்த வாடகையும் கிடைக்குமானால், வீட்டுக்காரரின் செலவு வாடகை வழியாகத் திரும்பி வந்துவிடும். ஆனால் கோடைக்கால மாலையொன்றில் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்ப்பவருக்கு, தை மாதத்தில் அந்தச் சுவர் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடும் என்று தெரிய வழியில்லை. வீடு கிடைப்பதே அரிதான ஊரில், தெரிந்தாலும் பேரம் பேச இடமில்லை. இந்த அறியாமையைப் போக்கவே ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கட்டடங்களின் ஆற்றல் செயல்திறன் குறித்த நெறிமுறையை வகுத்தது. அதன்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல் விற்பனைக்கும், 2008 அக்டோபர் முதல் வாடகைக்கும் ஆற்றல் திறன் சான்றிதழ் கட்டாயமாயிற்று. குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டப்படும் பட்டை போலவே ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு தரங்கள் கொண்ட, பத்தாண்டுகள் செல்லுபடியாகும் இச்சான்றிதழ், அறிவிப்பதற்கென்று பிறந்த ஆவணமே ஒழிய, தடுப்பதற்கென்று பிறந்ததன்று. அதனைப் பிற்காலச் சட்டம் தடைக்கல்லாக மாற்றியதில்தான் இவ்வுரை எடுத்துக்கொண்ட சிக்கல் தொடங்குகிறது.

2011-ஆம் ஆண்டின் ஆற்றல் சட்டத்தின் கீழ் 2015-இல் இயற்றப்பட்ட தனியார் வாடகை வீடுகளுக்கான விதிகள், 2018 ஏப்ரல் 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும் புதுப்பிப்புகளுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே குடியிருப்பவர் உள்ள வீடுகளுக்கும், ‘இ’ தரத்திற்குக் கீழ்ப்பட்ட வீட்டை, அதாவது ‘எஃப்’ அல்லது ‘ஜி’ பெற்ற வீட்டை, வாடகைக்கு விடக்கூடாது என்று கூறின. இதற்கிடையே 2016 ஏப்ரல் முதல், குடியிருப்பவர் தாமாகவே ஆற்றல் திறன் மேம்பாடு கோரினால் தகுந்த காரணமின்றி வீட்டுக்காரர் மறுக்கக்கூடாது என்ற விதியும் வந்தது. ஆயினும் செலவை வீட்டுக்காரர் ஏற்க வேண்டியதில்லை என்பதால், காலி செய்யப்போகும் வீட்டுக்குத் தம் காசைப் போடத் துணியும் குடியிருப்பவரை எதிர்பார்த்த அந்த விதியால் பெரிய பயன் விளைந்ததாகச் சொல்ல இயலாது.

இவ்விதிகளின் முதல் வடிவம் வேறொரு திட்டத்தை நம்பி எழுதப்பட்டது. 2013 ஜனவரியில் தொடங்கிய ‘பசுமை ஒப்பந்தம்’ என்னும் கடன் திட்டத்தில், வீட்டைச் சீரமைக்கும் செலவு வீட்டுக்காரரின் பெயரிலன்றி அவ்வீட்டின் மின்கணக்கில் ஏற்றப்பட்டு, யார் அந்த வீட்டில் குடியிருந்து மின்கட்டணம் செலுத்துகிறாரோ அவரிடமிருந்து தவணையாகத் திரும்பப் பெறப்பட்டது. தவணைத் தொகை எதிர்பார்க்கப்படும் சேமிப்பை மீறக்கூடாது என்பது அதன் ‘பொன் விதி’. பயன் பெறுபவரே செலவையும் ஏற்பதால் பிளவுபட்ட ஊக்கத்திற்கு ஏட்டளவில் இதைவிட நேர்த்தியான மருந்து இல்லை. ஆனால் கடனின் வட்டி வீட்டுக்கடன் வட்டியைவிட உயர்ந்திருந்தது, நடைமுறை சிக்கலானது, பழங்கடன் ஏறிய வீட்டை வாங்குவதற்கு மக்கள் தயங்கினர். 2015 ஜூலையில் அரசு நிதியை நிறுத்தியபோது, தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர்க் கணக்கிட்டபடி, சுமார் 14,000 குடும்பங்களே அக்கடனைப் பெற்றிருந்தன. வீட்டுக்காரர் கையிலிருந்து ஒரு பென்னியும் போகாது என்ற அடிப்படையில் எழுதப்பட்ட விதிகள், அந்த அடிப்படை சரிந்த பிறகும் நான்காண்டுகள் அப்படியே நின்றன. வெளியார் நிதி கிடைக்கவில்லை என்று பதிவு செய்துகொண்டால் விலக்குப் பெற்றுவிடலாம் என்பதே அக்காலத்தின் நிலை. 2019 ஏப்ரல் முதல்தான் வரி உட்பட 3,500 பவுண்டு வரை வீட்டுக்காரர் தம் பணத்தைச் செலவிட வேண்டும் என்ற உச்சவரம்பு வந்தது.

உச்சவரம்பு என்பது வீட்டுக்காரர் தாங்க வேண்டிய செலவின் மேல் எல்லை. அதற்குள் ‘இ’ தரத்தை எட்ட முடியாவிட்டால், செய்யக்கூடியதைச் செய்துவிட்டு விலக்குப் பதிவேட்டில் பெயரை ஏற்றிக்கொண்டு ஐந்தாண்டுகள் வாடகைக்கு விடலாம். மலிவான ஒரே வேலையே அந்தத் தொகையைத் தாண்டும் என்று மூன்று ஒப்பந்தக்காரர்களின் மதிப்பீடு காட்டினாலும், வேலையால் சொத்தின் மதிப்பு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்று நிபுணர் சொன்னாலும், சுவருக்கு வெப்பக்காப்பு இடுவது கட்டடத்துக்குக் கேடு தரும் என்று நிபுணர் எழுத்தில் கருத்துத் தந்தாலும், குடியிருப்பவரே வேலைக்கு ஒப்பாவிட்டாலும் விலக்கு உண்டு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவை. ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கையில், மிக மோசமான வீடுகளே மிக எளிதாக வெளியேறும் வாயிலாக அவை அமைந்திருப்பது தெரியும். ஏனெனில் செலவு மிகுதியாகத் தேவைப்படும் வீடு எதுவோ அதுவே உச்சவரம்பில் முதலில் மோதுகிறது.

இங்கிலாந்தில் எந்த வீடு அப்படிப்பட்டது என்பதை அறிய அந்நாட்டுச் சுவர்களைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம் தனியார் வாடகை வீட்டில் வாழும் அந்நாட்டில், அவ்வீடுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 1919-க்கு முன் கட்டப்பட்டவை. அக்காலச் செங்கற்சுவர் திண்மையானது, அதாவது நடுவில் காற்றிடைவெளி இல்லாதது. இரண்டு அடுக்குச் சுவர்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டும் முறை பரவியது 1920-களுக்குப் பிறகே. இடைவெளி உள்ள சுவரில் துளையிட்டு வெப்பக்காப்புப் பொருளை ஊதி நிரப்புவது ஒருநாள் வேலை; திண்சுவருக்கு உள்ளேயோ வெளியேயோ தனிப்படலம் ஒன்றைப் போர்த்த வேண்டும், அதற்கு ஆகும் செலவு 3,500 பவுண்டைப் பன்மடங்கு தாண்டும். உட்புறம் போர்த்தினால் ஏற்கெனவே ஒடுங்கிய அறை மேலும் ஒடுங்கும். சரியாகச் செய்யாவிட்டால் படலத்துக்குப் பின்னே ஈரம் கட்டிப் பூஞ்சணம் படரும். ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க் போன்ற கிழக்கு இலண்டன் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் குடியிருப்பவர்களாகவும், சில வேளைகளில் வீட்டுக்காரர்களாகவும் வாழ்ந்துவரும் தொடர்வீடுகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

ஆனால் வீட்டின் தர எழுத்தைத் தீர்மானிப்பது சுவர் மட்டுமன்று. சான்றிதழ் எதை அளக்கிறது என்பதே முதல் வினா. பொதுவிவாதத்தில் பெரும்பாலும் எழாத இவ்வினாவில்தான் சட்டத்தின் உயிர்நிலை இருக்கிறது என்பது இவ்வுரையின் துணிபு. ‘தரப்படுத்தப்பட்ட மதிப்பீட்டு முறை’ எனப்படும் கணக்கீட்டின்படி வீடு 1 முதல் 100 வரை மதிப்பெண் பெறுகிறது; 39 முதல் 54 வரை ‘இ’, 55 முதல் 68 வரை ‘டி’, 69 முதல் 80 வரை ‘சி’. அம்மதிப்பெண் குறிப்பது வெப்ப இழப்பை அன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பை வழக்கமான முறையில் வெப்பப்படுத்தவும் வெந்நீருக்கும் விளக்குக்கும் ஓராண்டில் ஆகக்கூடிய செலவை. இங்கிலாந்தில் ஓர் அலகு மின்சாரத்தின் விலை ஓர் அலகு எரிவாயுவின் விலையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதால், மின்சார வெப்பமூட்டி உள்ள நல்ல கட்டடம் தாழ்ந்த எழுத்தையும், எரிவாயுக் கொதிகலன் உள்ள ஒழுகல் கட்டடம் உயர்ந்த எழுத்தையும் பெறுவது இயல்பாகிவிடுகிறது. கரியமிலத்தைக் குறைப்பதே நோக்கம் என்று ஒரு கையால் எழுதிய அரசு, மறுகையால் எரிவாயுவுக்கு மதிப்பெண் தந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

சான்றிதழ் தரும் மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் இருக்கும் நேரமும் குறைவு. சுவரைத் துளைத்துப் பார்க்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஆகவே கட்டப்பட்ட காலத்தைக் கொண்டு சுவரின் தன்மையை அனுமானிக்கும் சுருக்கக் கணக்கீடே பழைய வீடுகளுக்குப் பயன்படுகிறது. சுவரின் வெப்பக் கடத்து எண் என்பது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதைக் காட்டுவது. திண்செங்கற்சுவருக்கு அது 2.1 என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. உண்மைச் சுவர்களில் கருவி வைத்து அளந்த ஆய்வுகள் அதைவிடக் குறைவாகவே காட்டியமையால் பின்னர் அது 1.7 எனக் குறைக்கப்பட்டது. ஒரு செங்கல்லும் நகராத நிலையில், கணக்கில் ஓர் எண் மாறியதும் வீடுகளின் மதிப்பெண் உயர்ந்தது.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது, குடியிருப்பவர் உண்மையில் எவ்வளவு எரிபொருள் செலவிடுகிறார் என்பது. மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் ஆகியோர் 2012-இல் ஏறத்தாழ 3,400 ஜெர்மானிய வீடுகளின் தரவுகளை ஆராய்ந்து, சான்றிதழ் கணக்கிட்ட அளவைவிட மக்கள் சராசரியாக முப்பது விழுக்காடு குறைவாகவே வெப்பத்துக்குச் செலவிடுகின்றனர் என்றும், வீட்டின் தரம் தாழத் தாழ இந்த இடைவெளி அகல்கிறது என்றும் காட்டினர். மோசமான வீட்டில் வாழ்பவர் கணக்கீடு கற்பனை செய்வதுபோல் எல்லா அறைகளையும் வெப்பப்படுத்துவதில்லை. ஓர் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறார். எனவே சீரமைப்புக்குப் பின் கட்டணம் எதிர்பார்த்த அளவு குறையாது. அதற்குப் பதிலாக அறை சூடாகும். சேமிப்பை மட்டும் எண்ணும் கணக்கு இதனைத் தோல்வி என்று பதியும். குடியிருப்பவருக்கோ வேண்டியது அதுவே.

இன்னும் விந்தையானது எரிபொருள் வறுமை பற்றிய வரையறை. பிரெண்டா போர்ட்மன் 1991-இல் எழுதிய நூலிலிருந்து பரவிய பழைய வரையறை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளுக்குச் செலவிட வேண்டிய குடும்பத்தை வறுமையுற்றதாகக் கொண்டது. 2021 முதல் இங்கிலாந்து பயன்படுத்தும் வரையறையோ, ‘டி’ அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட தரமுள்ள வீட்டில் வாழ்ந்து, எரிபொருள் செலவு போக எஞ்சும் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழிருப்பவரை மட்டுமே சேர்க்கிறது. அதாவது ‘சி’ தரமுள்ள வீட்டில் இருப்பவர் எத்துணை ஏழையாயினும், விலை எவ்வளவு ஏறினாலும், எரிபொருள் வறுமையில் இருக்கவே முடியாது. வறுமை ஒழிப்பை இவ்வாறு ஓர் எழுத்திடம் ஒப்படைத்த பின்னர், அந்த எழுத்து எதை அளக்கிறது என்பது தொழில்நுட்ப நுணுக்கம் என்ற பெயரில் ஒதுக்கத்தக்கதன்று.

பிரான்சில் இதே நிலை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2021 ஆகஸ்டில் இயற்றப்பட்ட பருவநிலைச் சட்டம், 2025 ஜனவரி முதல் ‘ஜி’ தரமும், 2028 முதல் ‘எஃப்’ தரமும், 2034 முதல் ‘இ’ தரமும் கொண்ட வீடுகளைத் தகுதியற்ற குடியிருப்பு என்று வகைப்படுத்தியது. 2022 ஆகஸ்டிலிருந்தே ‘எஃப்’, ‘ஜி’ வீடுகளின் வாடகையை உயர்த்தவும் தடை வந்தது. தகுதியற்ற வீட்டில் குடியிருப்பவர் நீதிமன்றம் சென்று வேலையைச் செய்விக்கவும் வாடகையைக் குறைக்கவும் ஆணை பெறலாம் என்பது மேற்கண்ட ஆங்கில விதிகளில் இல்லாத வலிமை. ஆயினும் அங்கே அளவுகோல் முதன்மை ஆற்றல், அதாவது மின்நிலையத்தில் எரிக்கப்பட்டதையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு. மின்சாரத்தின் நுகர்வு 2.3-ஆல் பெருக்கப்பட்டு வந்தது. தடைக்கு எதிரான குரல் வலுத்ததும், 2024-இல் நாற்பது சதுர மீட்டருக்குக் குறைந்த சிறு வீடுகளுக்கு எல்லைகள் தளர்த்தப்பட்டன. 2026 ஜனவரி முதல் பெருக்கெண் 1.9 ஆகக் குறைக்கப்பட்டதால், அரசின் மதிப்பீட்டின்படியே பல இலட்சம் வீடுகள் தடைப் பட்டியலிலிருந்து வெளியேறின. தேதியை மாற்றினால் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழும். பெருக்கெண்ணை மாற்றுவதற்கு ஓர் அரசாணை போதும்.

ஜெர்மனி தடை விதிப்பதைவிடச் செலவைப் பங்கிடுவதை நாடியது. சீரமைப்புச் செலவில் ஆண்டுக்கு எட்டு விழுக்காட்டை வாடகையில் ஏற்றலாம் என்னும் பழைய ஏற்பாடு, 2018 வரை பதினொரு விழுக்காடாக இருந்து, குடியிருப்பவரை விரட்டும் கருவியாயிற்று என்ற கண்டனத்துக்குப் பிறகு குறைக்கப்பட்டது. அதனினும் நுட்பமானது 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கரியமிலச் செலவுப் பங்கீட்டுச் சட்டம். எரிபொருள் மீதான கரியமில வரியை, கட்டடம் சதுர மீட்டருக்கு உமிழும் அளவைப் பொறுத்துப் பத்துப் படிகளாகப் பிரித்து, மிக நல்ல கட்டடத்தில் முழுவதும் குடியிருப்பவரும், மிக மோசமான கட்டடத்தில் 95 விழுக்காட்டை வீட்டுக்காரரும் ஏற்க வேண்டும் என்று அது கூறுகிறது. சான்றிதழின் கற்பனை அளவை விடுத்து எரிபொருள் பற்றுச்சீட்டில் உள்ள உண்மை அளவை எடுத்துக்கொள்வதே அதன் சிறப்பு. வரித்தொகை சிறிது என்பதால் இன்றுவரை அது வீட்டுக்காரரைப் பெரிதாக அசைக்காமல் இருப்பது அதன் குறை.

நியூசிலாந்து எழுத்தையே நாடவில்லை. 2019-இல் வகுக்கப்பட்ட ‘நலமான வீடுகள்’ விதிகள், வரவேற்பறையைப் பதினெட்டுப் பாகை செல்சியசுக்கு உயர்த்தவல்ல நிலையான வெப்பமூட்டி, கூரையிலும் தரைக்கடியிலும் வெப்பக்காப்பு, சமையலறையிலும் குளியலறையிலும் காற்று வெளியேற்றி, ஈரத்தடுப்பும் வடிகாலும், காற்றுக் கசிவு அடைப்பு என ஐந்தை மட்டுமே கேட்கின்றன. 2025 ஜூலை 1-க்குள் எல்லா வாடகை வீடுகளும் அவற்றை நிறைவு செய்திருக்க வேண்டும். பதினெட்டுப் பாகை என்பது குளிர்நாட்டு வீடுகளுக்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்த கீழெல்லை. இவ்விதிகளுக்குப் பின்னணியாக நின்றது, ஃபிலிப்பா ஹவ்டன்-சாப்மனும் அவருடன் பணியாற்றியோரும் 1,350 குடும்பங்களிடையே நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு. குலுக்கல் முறையில் தேர்ந்த வீடுகளுக்கு வெப்பக்காப்பு இட்டபோது, படுக்கையறையின் வெப்பம் அரைப் பாகைதான் உயர்ந்தது. ஆயினும் ஆற்றல் நுகர்வு மற்ற வீடுகளின் அளவில் 81 விழுக்காடாகக் குறைந்தது, குழந்தைகள் பள்ளிக்கு வராத நாட்களும் மூச்சிரைப்பும் குறைந்தன. சட்டத்தின் நோக்கம் நலம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதனால், கேட்க வேண்டியவை எவை என்பதில் அங்கே குழப்பம் எழவில்லை. வீட்டுக்காரருக்கும் இது எளிது: வெப்பமூட்டி இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் காணலாம், தீர்ப்பாயம் 7,200 நியூசிலாந்து டாலர் வரை தண்டனை இழப்பீடு விதிக்கலாம்.

ஆங்கிலச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. ஒரு வீட்டுக்கு அதிகபட்ச அபராதம் 5,000 பவுண்டு. ஆட்குறையால் வாடும் மன்றம் தானாகத் தேடிப் போகாத நிலையில், புகார் தர வேண்டியவர் குடியிருப்பவரே. காரணம் கூறாமல் இரண்டு மாத அறிவிப்பில் குடியிருப்பவரை வெளியேற்ற 1988-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இடம் தந்தவரை, புகார் தருவது வீட்டை இழக்கும் துணிச்சலாகவே இருந்தது. வேடிக்கை என்னவெனில், சான்றிதழைக் குடியிருப்பவரிடம் தராத வீட்டுக்காரர் அந்த 21-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று 2015-இல் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது. அபராத அச்சத்தால் நடந்ததைக் காட்டிலும் வெளியேற்றும் உரிமையை இழக்கும் அச்சத்தால் சான்றிதழ்கள் ஒழுங்காகக் கைமாறின என்று கருத இடமுண்டு. 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவையே நீக்கியதால், புகார் தரும் துணிவு கூடவும், சான்றிதழைக் கைமாற்றும் பழைய கட்டாயம் தளரவும் ஒருசேர வழி பிறந்துள்ளது.

‘இ’ போதாது, ‘சி’ வேண்டும் என்ற முனைப்பு 2020 முதல் தொடர்கிறது. அவ்வாண்டு அரசு முன்வைத்த வரைவு 2025 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும் 2028 முதல் அனைத்துக்கும் ‘சி’ தரத்தையும் 10,000 பவுண்டு உச்சவரம்பையும் கூறியது. 2023 செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனாக் அதைக் கைவிட்டார். 2025 பிப்ரவரியில் அடுத்த அரசு 2028, 2030 என்ற தேதிகளையும் 15,000 பவுண்டையும் கொண்டு மீண்டும் கருத்துக் கேட்டது. இத்தகைய ஊசலாட்டத்தில் இழப்பு அடைந்தவர் சட்டத்தை நம்பி முன்கூட்டியே செலவு செய்த வீட்டுக்காரர். காத்திருந்தவருக்கு ஓர் இழப்பும் இல்லை. வீட்டுக்காரர்கள் வீடுகளை விற்றுவிட்டு வெளியேறுவர், வாடகை உயரும் என்ற அவர்களின் சங்கங்களின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஒன்றிரண்டு வீடுகளை ஓய்வுக்கால வருமானத்துக்காக வைத்திருப்பவருக்கு 15,000 பவுண்டு பல மாத வாடகைக்கு ஈடானது. வீட்டின் விலை தாழ்ந்த வடபகுதிகளில் அது சொத்து மதிப்பில் பெரும் பங்கு, இலண்டனில் சிறு பங்கு. விற்கப்பட்ட வீடு மறைந்துவிடுவதில்லை, வேறொரு குடும்பம் அதில் குடியேறும் என்பது மறுமொழி. ஆனால் குடியேறுவது வாங்கும் வசதியுள்ள குடும்பம், வெளியேறுவது வாடகை தேடும் குடும்பம்.

தேதியும் தொகையும் தலைப்புச் செய்தியான அதே வேளையில், அளவுகோலையே மாற்றும் முன்மொழிவு 2024 டிசம்பரில் தனி ஆவணமாக வந்தது. ஒற்றைச் செலவு மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கட்டடத்தின் சுவர், கூரை, சன்னல்களின் தன்மை, வெப்பமூட்டும் முறை, மின்சாரத்தை நேரம் பார்த்துப் பயன்படுத்தும் ஆயத்தம், செலவு எனப் பல அளவுகளைச் சான்றிதழில் தனித்தனியே காட்டுவது அதன் சாரம். வாடகை வீட்டுக்கு முதலில் சுவர், கூரை, சன்னல்களின் தரம், அதன் பிறகு வெப்பமூட்டும் முறை, நேரம் பார்த்துப் பயன்படுத்தும் ஆயத்தம் ஆகியவற்றுள் ஒன்று என்று 2025-இன் வரைவு வரிசைப்படுத்தியது. எரிவாயுவுக்கு மதிப்பெண் தரும் பழைய முரண் இதனால் தீரக்கூடும். ஆனால் சுவரின் தன்மை இன்னும் கட்டிய காலத்தைக் கொண்டே அனுமானிக்கப்படுமானால், அனுமானத்தோடு இப்போது மேலும் அதிகப் பணம் கட்டுண்டிருக்கும்.

அனுமானத்தை விடுத்து அளப்பதற்கும் வழியுண்டு. சில வாரங்கள் அறையின் வெப்பநிலையையும் ஸ்மார்ட் மீட்டரின் பதிவுகளையும் வெளிவானிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், வீடு முழுவதும் ஒரு பாகைக்கு எத்தனை வாட் இழக்கிறது என்பதைக் கண்டறியலாம் என்று பிரித்தானிய அரசின் நிதியில் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன. அந்தப் பதிவுகள் குடியிருப்பவருக்குச் சொந்தமானவை: எப்போது விழிக்கிறார், எப்போது வீட்டில் இல்லை, எந்த மாதம் கட்டணத்துக்கு அஞ்சி வெப்பமூட்டியை நிறுத்தினார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அளந்த எண்ணைச் சட்டம் கேட்குமானால், தம் வீடு தகுதியுடையது என்று நிறுவுவதற்கு வீட்டுக்காரர் குடியிருப்பவரின் இசைவை நாட வேண்டியிருக்கும். எந்த நிபந்தனையின் பேரில் அந்த இசைவு தரப்படும், மறுத்தால் யார் விலக்குப் பெறுவார் என்பவற்றை விதிகளை எழுதுபவர்கள் இப்போதே வரையறுக்க வேண்டும்.